நான்கு முறை சரிபார்த்த கணக்கு எண்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்லூரி உதவித்தொகைப் புதுப்பித்தல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். வங்கிக் கணக்கு எண் கேட்கும் கட்டம் வந்ததும், பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கும்படி அவளிடம் சொல்லி, திரையில் இருப்பதோடு ஒத்துப்பார்த்தேன். பிறகு இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. கடைசியாக, பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய அம்மாவின் மனநிறைவுக்காக இன்னொருமுறை. அந்த எண்ணில் ஒரு பிழையும் இல்லை. பணம் மட்டும் அந்தக் கணக்குக்கு வரவில்லை.

பணம் எங்கே போயிற்று என்பது பின்னர் தெரிந்தது, கைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த நிகழ்ச்சி என்னை விட்டுப் போகவில்லை. கவனக்குறைவாக இருந்திருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டு மறந்திருப்பேன். கவனமாகத்தான் இருந்தேன், நான் அவ்வளவு கவனத்தையும் கொட்டிய இடத்தில் கவனிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். ஒவ்வொரு ஜூனிலும், கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிச் செல்லும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாட்களில், எங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூட்டம் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களைத் திணித்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். "நீங்களே பார்த்துப் போட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அம்மாக்கள் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். கூலி வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. மாம்பழம் வரும், வாங்கிக்கொள்வேன். இத்தனை ஆண்டுகளில் எந்தெந்தப் பிழைகளால் விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தலைப்பெழுத்து என்னும் தலைவலி

அதிகம் திரும்பி வருவது பெயரால்தான். நம் பக்கத்தில் குடும்பப்பெயர் கிடையாது; அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து ஒன்று, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் நிற்கும். வங்கியில் முன்னால் நிற்கும். ஆதாரில் சிலருக்கு அந்த எழுத்தே இருக்காது, சிலருக்கு அப்பாவின் முழுப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் வீட்டுப்பெயருக்கு ஓர் எழுத்தும் சேர்ந்து இரண்டாகிவிடும். ஊரில் எல்லோருக்கும் இவர்கள் ஒரே ஆள். கணினிக்கு நான்கு ஆட்கள். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்ற முயலாதீர்கள், அது அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும் நீண்ட வழி. அந்தச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரையும், பிறகு வங்கியையும் திருத்துங்கள். அதையும் சேர்க்கைக்கு முந்தைய விடுமுறையிலேயே செய்துவிடுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய வாரம் ஆதார் மையத்தில் வரிசை எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

வருமானச் சான்றிதழின் கதை வேறு. எங்கள் பக்கத்தில் நான் பார்க்கும் சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றே இருக்கும். ஒரு காலத்தில் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதுதான் உச்சவரம்பு. அந்த வரம்பு 1,20,000 ஆக உயர்ந்த பின்னும் பழைய எண் மக்கள் மனத்தில் முத்திரையாகப் பதிந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். சென்ட்ரிங் வேலைக்குப் போகும் அப்பாவும் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவும் உண்மையான வருமானத்தைச் சொன்னாலும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் வருவார்கள். குறைத்துச் சொன்னால்தான் கிடைக்கும் என்ற பயத்தில் சான்றிதழில் ஓர் எண், விண்ணப்பத்தில் இன்னோர் எண், கல்லூரியில் சேரும்போது எழுதிக் கொடுத்த தாளில் மூன்றாவது எண் என்று ஆகிவிடுகிறது. ஒரு பையன் 72,000 என்பதை மாத வருமானம் கேட்ட கட்டத்தில் தட்டிவிட்டான். பன்னிரண்டால் பெருக்கினால் 8,64,000. அவனுடைய அப்பா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். அவருக்கு அந்த எண் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வருமானச் சான்றிதழுக்கு ஆயுள் ஓராண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதிச் சான்றிதழைப் போல ஒருமுறை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடும் காகிதம் அல்ல அது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைத் தாண்டி வர வேண்டும். முதல் ஆண்டுச் சான்றிதழையே இரண்டாம் ஆண்டுக்கும் ஏற்றிவிட்டு, போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் தரும் முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவர்களுக்குத்தான் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிட்டுச் சான்றிதழுக்கு அலைபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். இதற்கு நேர்மாறான பிழை புதுமைப்பெண் திட்டத்தில் நடக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எட்டாவது வரை மெட்ரிக் பள்ளி என்பதால் தனக்குக் கிடையாது என்று தானே முடிவுகட்டிக்கொண்டு விண்ணப்பிக்காமலே இருந்த பெண்களை எனக்குத் தெரியும். தவறாக நிரப்பிய படிவத்தைத் திருத்தலாம். போடாத படிவத்தை யார் திருத்துவது?

வராத பணம்

நான் சொல்லத் தொடங்கிய பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவள் என்பதால் அவளுக்கு அந்த ஆயிரம் ரூபாய் கிடையாது. பட்டியலினத்தவருக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை ஒன்றுதான் நம்பிக்கை. அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அம்மா மாந்தோப்புக் கூலி. அவள் படித்தது தனியார் கல்லூரி. முதலாம் ஆண்டு விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். பணம் உள்ளூர் வங்கிக் கணக்குக்கு ஒழுங்காக வந்தது, கல்லூரிக்குக் கட்டினார்கள். இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தலில் அதே கணக்கு எண், அதே பெயர், புதிய வருமானச் சான்றிதழ். சமர்ப்பித்ததோடு விண்ணப்பம் முடிவதில்லை, கல்லூரியில் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; அதையும் விடாமல் கேட்டு, அனுப்பியாயிற்று என்று உறுதி செய்துகொண்டேன்.

பிப்ரவரி வரை பணம் வரவில்லை. "யாருக்குமே வரலையாம் சார்" என்றார் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். உதவித்தொகை தாமதமாவது நமக்குப் புதிதா என்ன! மார்ச்சில், அவளோடு படிக்கும் இன்னொரு பெண்ணுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. ஏப்ரலில் தேர்வுக்கு முன் கட்டண நிலுவையைக் கட்டச் சொல்லிக் கல்லூரியில் நெருக்கினார்கள். ஒரு காலை அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது காதில் கம்மல் இல்லை, ஈர்க்குச்சியைச் செருகியிருந்தார். கிருஷ்ணகிரியில் அடகுக்கடையில் வைத்துவிட்டுக் கட்டிவிட்டதாகச் சொன்னார். என்மேல் குறை என்று ஒரு சொல் சொல்லவில்லை. "அந்த நம்பர்ல ஏதாச்சும் தப்பாயிருக்குமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் உள்ளே போய், சேமித்து வைத்திருந்த விண்ணப்ப நகலை எடுத்து ஐந்தாவது முறையாக அந்த எண்ணைப் பார்த்தேன்.

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு அலைந்தேன். கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்: தொகை வரவு வைக்கப்பட்டது என்று இருந்தது. வங்கிக்கு வந்தோம். பாஸ்புத்தகத்தை இயந்திரத்தில் செருகினால் வட்டி வரவு என்று சில ரூபாய்களுக்கு இரண்டு வரிகள், வேறொன்றும் இல்லை. இரண்டு இடத்திலும் என்னிடம் பொய் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது, அதனால்தான் தலை சுற்றியது. கவுன்ட்டரில் இருந்த இளைஞர் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த ஆதார் எங்க வங்கியில மேப் ஆகல சார். பாப்பாவுக்கு வேற எங்கயாச்சும் கணக்கு இருக்கா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு நினைவில்லை.

ஆறு இலக்கங்கள்

அன்று மாலை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆதார் தளத்தைத் திறந்தோம். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் அதில் உண்டு; உள்ளே போக ஓடிபி வேண்டும். அவளுடைய ஆதாரில் இருந்தது அப்பாவின் கைப்பேசி எண். அவர் பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் நான்காவது தளத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் முறை, குறுஞ்செய்தியைத் திறக்கத் தெரியாமல் அழைப்பு துண்டித்துப்போயிற்று. இரண்டாம் முறை அவர் வாசித்தவை நான்கு இலக்கங்கள். செய்தியில் இருந்த ஆதாரின் கடைசி நான்கு எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். "அது இல்லப்பா, ஆறு நம்பரா இருக்கும் பாரு" என்று அவள் கத்த, பின்னால் கலவை இயந்திரம் இரைய, மூன்றாம் முறை கூட வேலை செய்யும் யாரோ ஒருவர் கைப்பேசியை வாங்கி வாசித்தார். பக்கம் திறந்தது. ஆதாரின் கடைசி நான்கு எண்கள், வங்கியின் பெயர், நிலை, இணைத்த நாள் என்று நான்கே வரிகள். வங்கியின் பெயர் எங்களுடையது அல்ல. நாள், முந்தைய ஆண்டு மே மாதம்.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அது ஓசூர் கணக்கு சார்" என்றாள்.

முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் இரண்டு மாதம் ஓசூரில் ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் போவதுதான். சேர்ந்த முதல் நாள் முப்பது பேரை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, நீட்டிய தாள்களில் பத்து இடங்களில் கையெழுத்து வாங்கினார்களாம். சம்பளக் கணக்கு. அரசு உதவிகளைப் பெறும் கணக்காக ஆதாரை இந்த வங்கியோடு இணைக்கச் சம்மதிக்கிறேன் என்னும் வரியும் அந்தப் பத்தில் ஒன்றின் மேலே இருந்திருக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டு ஊர் திரும்பியவள், ஏடிஎம் அட்டையை எங்கே வைத்தாள் என்பதையும் மறந்துவிட்டாள். "அது சம்பளக் கணக்குதானே சார்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். எந்தப் படிவத்திலும் பதில் எழுதியிராத, மிக நியாயமான கேள்வி.

சம்பந்தம் இதுதான். ஆதார் வழியாக அனுப்பும் தொகையில் பயணம் செய்வது கணக்கு எண் அல்ல, ஆதார் எண். தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் ஒவ்வோர் ஆதார் எண்ணுக்கும் நேரே ஒரே ஒரு வங்கி இருக்கும். கடைசியாக எந்த வங்கி இணைத்ததோ அது. பணம் அந்த வங்கிக்குப் போகும், அங்கே அந்த ஆதாரோடு பிணைந்த கணக்கில் விழும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்த உதவித்தொகையின் விதிகளை மாற்றி, மத்தியப் பங்கு 60 விழுக்காடு, மாநிலப் பங்கு 40 என்று வகுத்த பிறகு பணம் மாணவர் கணக்குக்கு நேரடியாக வருவது இந்த வழியில்தான். கணக்கோடு ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் இணைந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது வங்கி நம்மை அடையாளம் காண்பதற்கு மட்டும். உதவித்தொகைக்கான இணைப்பு வேறு, அதற்குத் தனிச் சம்மதப் படிவம் உண்டு. ஆக, நான் இடமிருந்தும் வலமிருந்தும் வாசித்த அந்தக் கட்டம் பணத்துக்கு வழிகாட்டவே இல்லை. வழியைத் தீர்மானித்தது, விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன்னால், நான் இல்லாத ஒரு கூடத்தில், அவள் வாசிக்காமல் போட்ட கையெழுத்து.

ஓசூருக்குப் பேருந்து ஏறினோம். பணம் இருந்தது, முழுதாக இல்லை. சம்பளம் நின்ற பின் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிட்டதால், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதாமாதம் கணக்கில் ஏறியிருந்த கட்டணம், உதவித்தொகை வந்து விழுந்ததும் மொத்தமாகக் கழிந்திருந்தது. நானூற்றுச் சொச்சம். அதைத் திரும்பக் கேட்கலாம் என்றேன். "விடுங்க சார்" என்றாள். அந்த இடத்தில் நான் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மீதியை எடுத்துக்கொண்டு, கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் உள்ளூர் வங்கியில் இணைப்புப் படிவம் கொடுத்தோம். சில நாட்களில் அதே பக்கத்தில் வங்கியின் பெயர் மாறியது. கம்மல் திரும்பி வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று, வட்டியோடு.

யாருடைய கை

இதில் யாருடைய பிழை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தொழிற்சாலையையோ வங்கியையோ குறை சொல்வது எளிது. அவர்கள் கேட்டார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள். எனக்கு உறுத்துவது என் திண்ணை. இரண்டு ஆண்டுகளும் சுட்டியைப் பிடித்தது என் கை. அவளுடைய வேலை எண்களை வாசித்துக் காட்டுவது, அம்மாவின் வேலை படியில் காத்திருப்பது. தன்னுடைய விண்ணப்பத்தில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய விடுமுறை எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஓசூர் வேலையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உதவி என்று நினைத்து நான் செய்தது அவளை அவளுடைய காகிதங்களுக்கு அந்நியமாக்கியதுதான். இதை மிகைப்படுத்துகிறேன் என்று என் மனைவி சொல்கிறார். இருக்கலாம். ஆனால் இ-சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இதே காட்சிதான். அங்கே அவசரத்துக்குக் கடைக்காரரின் கைப்பேசி எண்ணையே ஓடிபிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்பவரைப் பார்த்து விழிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

அதற்குப் பிறகு நான் சுட்டியைத் தொடுவதில்லை. வருகிறவர்களே தட்டட்டும் என்று நான் பாஸ்புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன். நேரம் மூன்று மடங்காகிறது. சில அம்மாக்களுக்கு இது பிடிக்கவில்லை, "சார் மாறிட்டாரு" என்று பேச்சு. முதலில் திறப்பது விண்ணப்பத்தை அல்ல, ஆதாரின் அந்த நான்கு வரிப் பக்கத்தை. அதற்கு முன்னதாக, ஆதாரில் உள்ள கைப்பேசி எண் கையில் இருக்கிறதா, பெங்களூரில் இருக்கிறதா, யாரிடமும் இல்லையா என்று பார்க்கிறோம்.

இந்த ஜூனில் அந்தப் பெண் இறுதியாண்டை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு ஞாயிறு மாலை, அகரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் உறையோடு வந்தான். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் அவளைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவள், அவன் நீட்டிய பாஸ்புத்தகத்தை வாங்கித் திறக்காமலே ஓரமாக வைத்தாள்.

"லீவுல எங்கயாச்சும் வேலைக்குப் போனியாப்பா?"

"திருப்பூர். பனியன் கம்பெனி. இருபது நாள்தான்கா."

"கணக்கு தொறந்தாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "ஏதோ கையெழுத்து வாங்குனாங்க" என்றான்.